முன்னறிவோ, உடனறிவோ?

இறைவன் முக்காலமும் ஒருங்குணர்ந்தவன் என்பதும், உயிர்கள் தாஞ் செய்யும் நல்வினை தீவினைகட்குத் தாமே பொறுப்புடையன என்பதும் சைவசமயம் ஒருங்கே கொள்ளும் இரண்டு உண்மைகளாம். இவ்விரண்டும் தம்முள் முரணுவனபோலத் தோன்றுதல் சிறிது சிந்திப்பார்க்கும் புலனாகும். நாளை ஒருவன் பொய் சொல்வான் என்பதை இறைவன் இன்றே பிழையற அறிவானாயின், அவன் நாளை மெய் சொல்லுதல் இயலுமோ? இயலுமெனின் இறைவனறிவு பிழைபடும்; இயலாதெனின் பொய் சொன்ன குற்றம் அவனைச் சாருமாறு யாங்ஙனம்? சமயபாடம் நடாத்தும் ஆசிரியர் எவரும் இவ்வினாவை ஒருநாளேனும் எதிர்ப்படாதிருத்தல் அரிது. மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவன் எழுந்து நின்று இதனை வினவுமிடத்து, "பெரியோர் கூறியதை நம்பியிரு" என்று அவனை அமர்த்துதல் ஆசிரியர்க்கு அழகன்று. வினவினவன் சமயத்தை இகழ்ந்தவனல்லன். அதனை மெய்யாகவே எடுத்துக்கொண்டவன். ஆதலின், சைவாசிரியன்மார்க்குப் பயன்படுமாறு இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இது வெறுந் தருக்க விளையாட்டன்று. இதற்குத் தவறான விடை கொண்டோர் வாழ்க்கையில் மூன்று கேடுகள் விளைதலை நாடோறுங் காண்கின்றோம். கணக்கிலே தவறிய சிறுவன், "என் தலையில் எழுதியது இவ்வளவே" என்று புத்தகத்தை மூடுகின்றான். பிறர்க்குத் தீங்கு செய்தவன், "செய்வித்தவன் ஒருவன் இருக்க, என்னை ஏன் நோகின்றீர்?" என்று தப்பிக்கொள்கின்றான். துன்பமுற்றார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவன், "அது அவர்கள் கன்மம்" என்று சொல்லிவிட்டு ஓர் உதவியுஞ் செய்யாது எழுந்து போகின்றான். முயற்சியும் நீதியும் இரக்கமும் ஆகிய மூன்றும் இவ்வொரு வினாவின்மேல் நிற்றலின், இதனை எளிதாக விடுதல் தகாது.

மேனாட்டாரும் இவ்வினாவில் நெடுங்காலம் உழன்றனர். நாம் மிசன் பாடசாலையிற் பயின்றவராதலின் அவர் கூற்றுக்களைச் சிறிது கேட்டறிந்தோம். ஆறுமுக நாவலரவர்களும் யாழ்ப்பாணத்து வெசிலியன் மிசன் பாடசாலையிற் கற்றும் கற்பித்தும் இருந்து, பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினவர் என்பதை நினையுமிடத்து, பிறர் கொள்கையை அறிந்து ஆராய்தல் நம் மரபுக்கு இழுக்கன்றென்பது தெளிவாம்.

கி. பி. 430இல் இறந்த அகுஸ்தீனார், நினைவு இறந்தகாலச் செயலை எவ்வாறு வலிந்து செய்விக்கவில்லையோ, அவ்வாறே கடவுளின் முன்னறிவும் எதிர்காலச் செயலை வலிந்து செய்விப்பதில்லை என்றனர். ஏறக்குறைய நூறாண்டின் பின்னர், கொலைத்தண்டம் எதிர்நோக்கிச் சிறையிலிருந்த போவேத்தியர் என்னும் உரோமப் பேரறிஞர், கடவுளுக்கு முன்னும் பின்னும் இல்லை, எல்லாம் அவர்க்கு நிகழ்காலமே, நடப்பவனை நாம் காணுதல் அவனை நடப்பிக்காததுபோலக் கடவுள் காணுதலும் எவரையும் செய்விப்பதன்று என்றனர். பதினாறாம் நூற்றாண்டினரான கல்வினாரோ, இன்னார் உய்வார், இன்னார் கெடுவார் என்பது கடவுளின் ஆணையால் அநாதியே விதிக்கப்பட்டது எனத் துணிந்தனர். அதனை யோன் வெசிலியார் பொறாது, அக்கொள்கை கடவுளைக் கொடியவராக்கும் என 1739இல் ஒரு பிரசங்கஞ் செய்து அச்சிட்டனர். 1814இல் மட்டக்களப்பிற்கு வந்து பள்ளி தொடங்கிய மிசனார் இவ்வெசிலியார் வழியினரே. எனவே, மனிதனுக்குச் செயலுரிமை உண்டென்று சாதித்தல் சைவர்க்கே தனித்த கவலையன்று. கடவுளின் நீதியைக் காக்க விரும்பிய பிற சமயத்தாரும் அதற்காக வழக்காடினர்.

இனி, நம் நாட்டை நோக்குவாம். எல்லாம் முன்னமே வரையறுக்கப்பட்டன என்னுங் கொள்கை தமிழர்க்கு மேனாட்டிலிருந்து வந்த புதுமையன்று. மற்கலி என்பாரைத் தலைவராகக் கொண்ட ஆசீவகர், நியதி ஒன்றே உலகை நடாத்துவதென்றும், முயற்சியால் ஆவது யாதுமில்லையென்றுங் கொண்டனர். எறிந்த நூலுண்டை நூல் முடியுமளவும் அவிழ்ந்து உருள்வதுபோல உயிரும் தன் காலம் முடியுமளவும் உருண்டு ஓயும் என்பது அவர் கூற்றாகப் பௌத்த நூல் உரைக்கும். மணிமேகலையும் நீலகேசியும் அவர் மதத்தை எடுத்துக் கூறின. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் அவரை எதிர்வாதியாக நிறுத்தி மறுத்தனர். இலங்கையில் அநுராதபுரத்திலே பண்டுகாபய மன்னன் ஆசீவகர்க்கு உறையுள் அமைத்தனன் என மகாவமிசங் கூறும். அச்சமயம் இன்று இல்லை. எனினும் "எல்லாம் எழுதியபடி" என்று நம்மவர் சொல்லுந்தோறும் மற்கலியின் குரலே நம் வாயினின்று எழுகின்றது என்பதை உணர்வார் சிலரே.

திருவள்ளுவனார் ஊழின் வலியை 38ஆம் அதிகாரத்திற் கூறினார். ஆள்வினையுடைமையை 62ஆம் அதிகாரத்திற் கூறினார். முன்னதில் ஊழை விஞ்சியது பிறிதில்லை என்பார். பின்னதில் தளராது முயல்வார் ஊழையும் புறங்காண்பர் என்பார். இஃது ஆசிரியர் தடுமாற்றமன்று. ஊழும் உண்டு, முயற்சியும் உண்டு, இரண்டில் ஒன்றை மறுப்பவன் பாதி உண்மையையே கண்டவன் என்பதே அவர் கருத்தாம். அவ்விரண்டும் ஒருங்கு நிற்குமாறு எங்ஙனம் என்பதைச் சித்தாந்த சாத்திரங்களே விளக்குவன.

அறிவு வேறு, செய்வித்தல் வேறு என்பதே முதற்கண் கூறத்தக்க விடை. பஞ்சாங்கம் கணித்தவன் கிரகணத்தை முன்னறிவான்; அவனறிவு கிரகணத்தை உண்டாக்கிற்றில்லை. இவ்வுவமையைப் பலரும் வகுப்பிற் கூறுவர். ஆயின் கூர்த்த மதியுடைய மாணாக்கன் இதனோடு அமைவானல்லன். "ஐயா, ஞாயிறும் திங்களும் மாறாத கதியிற் செல்லுதலினன்றோ கணிதன் முன்னறிந்தான்? அங்ஙனமே மனிதனும் மாறாத கதியிற் செல்பவனோ?" என்று கேட்பான். அவன் கேட்பது முறையே. கணிதன் காரணத்தைக் கண்டு காரியத்தை ஊகிப்பவன். இறைவனறிவையும் அவ்வூகமாகவே கொள்ளின், மனிதன் சுழலும் கோளாகவே முடிவான். ஆகவே பஞ்சாங்க உவமை பாதி வழியே செல்லும். மீதி வழிக்குத் தத்துவ விளக்கத்தைத் துணைக்கொள்ளல் வேண்டும்.

சித்தாந்தங் கூறும் முப்பத்தாறு தத்துவங்களுள் வித்தியாதத்துவங்கள் ஏழு. அவை காலம், நியதி, கலை, வித்தை, அராகம், புருடன், மாயை என்பன. மாணாக்கர் இவற்றை வாய்பாடாக ஒப்புவிப்பர். இவற்றினுள்ளே நம் வினாவுக்கு விடை பொதிந்திருத்தலை நாம் அவர்க்குக் காட்டுவதில்லை. இவ்வேழனுள் முதலது காலம். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் பாகுபாடு மாயையினின்று தோன்றிய இத்தத்துவத்தின் காரியமே. உயிர் இதனோடு கூடி நின்று "நேற்று, இன்று, நாளை" என அறியும். மாயையைக் கடந்த இறைவனை இப்பாகுபாடு சாராது. எனவே "இறைவன் முன்னறிகின்றான்" என்னுந் தொடரில் "முன்" என்னுஞ் சொல் நமக்குரியது, அவனுக்குரியதன்று. போவேத்தியர் சிறையிலிருந்து கண்ட உண்மைக்கு நம் சாத்திரத்தில் இவ்வாறு ஓர் இருப்பிடம் அமைந்துளது.

இரண்டாவது நியதி. ஆசீவகர் எதனைத் தலைமைப் பொருளென்று வணங்கினரோ, அதனையே நம் ஆசாரியர்கள் ஒரு தத்துவமாக, சடமாக, கருவியாகக் கீழே நிறுத்தினர். அவரவர் செய்த வினையின் பயன் அவரவரையே சேருமாறு வரைந்து நிறுத்துதலே அதன் தொழில். செய்யாத வினையைச் செய்வித்தல் அதன் தொழிலன்று. செய்தவன் ஒருவன் இல்லாவிடின் நியதிக்கு வேலையே இல்லை. பட்டோலையைப் பார்த்துக் கூலியை உரியவனிடஞ் சேர்க்குங் கணக்கப்பிள்ளை, வேலை செய்தவனை வேலை செய்யுமாறு பிணித்தவனாகான் அன்றோ?

கலை, வித்தை, அராகம் என்னும் மூன்றும் இன்னுஞ் சிறந்த உண்மையை உணர்த்துவன. ஆணவத்தால் மறைப்புண்டு கிடந்த உயிரின் கிரியையைக் கலை சிறிது திறக்கின்றது. ஞானத்தை வித்தை திறக்கின்றது. இச்சையை அராகம் எழுப்புகின்றது. இவை உயிருக்கு இறைவன் கொடுத்த கருவிகள். இதனை ஊன்றி நோக்குமின். நம்மை நாம் விரும்பவும் அறியவும் செய்யவும் வல்லவராக்கினவன் இறைவனே. நம் செயலுரிமை அவன் கையினின்று நாம் பறித்துக்கொண்ட பொருளன்று. அவன் தந்த கொடை. பிணித்தது ஆணவம், அவிழ்ப்பது அருள். அருளைப் பிணிப்பென்று கருதுதலே இவ்வினாவிற் பலரும் இடறும் இடம்.

அற்றேல், இறைவன் நம் செயலை அறியுமாறு எத்தகையது எனின், சிவஞானபோதத்தின் பதினோராஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் அதற்கு வழிகாட்டினர். கண் தானாக எதனையும் காணமாட்டாது. உயிர் அதனோடு கூடி நின்று காட்டுதலினாற் காணும். காட்டிய உயிர் அப்பால் விலகி நில்லாது, கண்ணோடு தானும் உடனிருந்து காணும். அவ்வாறே இறைவன் உயிர்க்கு அறிவிக்கின்றான்; அறிவித்து, உயிர் அறியுங்கால் தானும் உடனறிகின்றான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என நம் ஆசாரியர் இவற்றைக் கூறுவர். ஆகவே நம் செயலைப்பற்றிய இறைவனறிவு, தொலைவிலிருந்து சாதகம் பார்ப்பானது முன்னறிவன்று. உயிருக்குயிராய் நின்று உடன் அறியும் உடனறிவாம். நாம் தேர்ந்துகொள்ளுங்கால் அத்தேர்ச்சியின் அகத்தே அவன் உளன். நாளை நாம் தேர்வதையும் அவன் பிழையற அறிவான். என்னெனின், நாளை என்பது அவனுக்குத் தொலைவன்று. நாம் செய்தலினால் அது செயலாயிற்று. செயலாதலின் அவன் அறிந்தான். அறிவு செயலைத் தொடர்வதே அன்றிச் செயல் அறிவாற் கட்டப்படுவதன்று.

இதனைத் திருத்தொண்டர் வரலாற்றில் வைத்துச் சோதித்துப் பார்ப்பாம். காளத்தியிலே சிவகோசரியார் கனவில் இறைவன் தோன்றி, நாளை மறைந்திருந்து வேடனது அன்பினைக் காண்க எனப் பணித்தமை பெரியபுராணத்தால் அறிவோம். மறுநாள் திண்ணனார் தங் கண்ணை இடந்து அப்பினார். ஈண்டு இறைவன் முன்னரே அறிந்திருந்தான் என்பதில் ஐயமில்லை. அங்ஙனமாயின் திண்ணனார் செயல் அவர்க்குரியதன்றோ? அவர்க்குரியதன்றெனின் அதனை அன்பென்று புகழ்தல் எற்றுக்கு? கயிற்றால் ஆட்டப்பட்ட பாவை தன் கண்ணைக் கொடுத்ததாக யாரும் உருகுவதில்லையே.

மூன்று செய்திகளை இங்கே கருதுக. ஒன்று, இறைவன் தானறிந்ததனைத் திண்ணனார்க்குக் கூறினானல்லன். அவரை இழிவாக நினைத்து வருந்திய சிவகோசரியார்க்கே கூறினான். அவர் தெளிவு பெறவேண்டும் என்னும் அருளே அதற்குக் காரணம். கிறித்தவ வேதத்திலும், கோழி கூவுமுன் மும்முறை மறுதலிப்பாய் என்று இயேசுநாதர் பேதுருவுக்கு முன்கூறிய கதை உண்டு. அங்கும் பேதுரு பின்னர் மனங்கசந்து அழுதனர். தம்முடைய செயலென்று உணர்ந்தாலன்றி அவ்வழுகை பிறவாது. இரண்டு, திண்ணனார் கண்ணை இடந்தமைக்கு இறைவன் ஏவல் காரணமன்று. குருதி வடிந்த திருக்கண்ணைக் கண்ட அவரன்பே காரணம். மூன்று, மற்றைக் கண்ணையும் இடக்க முயன்றபோது இறைவன் கைநீட்டித் தடுத்தான். தானே ஆட்டும் பாவையைத் தடுக்க வேண்டியதில்லை. தடுத்தல் என்பது பிறிதொருவர் செயலின்மேல் நிகழ்வது.

"அவ்வன்பு நிறைந்த திண்ணனார் அக்கணத்தில் வேறு செய்திருத்தல் கூடுமோ?" என்று மாணாக்கன் பின்னும் வினவலாம். கூடாதுதான். ஆயின் சங்கிலியால் கூடாமை வேறு, அன்பினால் கூடாமை வேறு. பசித்த குழந்தைக்குப் பாலூட்டாதிருக்கத் தாயாற் கூடாது. அதனால் அவளை அடிமை என்பாரில்லை. எதனையுஞ் செய்யலாம் என்று தடுமாறி நிற்றலே உரிமையின் நிறைவென்று கொள்ளற்க. நல்லதனையன்றிச் செய்யமாட்டாத நிலைக்கு வளர்தலே அதன் நிறைவு.

எம்மூர்த் தான்தோன்றீச்சரர் வெளிப்பட்டமை பற்றியும் இதனோடொத்த ஒரு கன்னபரம்பரைச் செய்தி உண்டு. கொக்கட்டி மரமொன்றை வேடனொருவன் கோடரியால் வெட்ட, அதினின்று குருதி பெருகிற்றென்றும், அது கண்ட அவன் அஞ்சி வெட்டுதலை ஒழிந்தானென்றும் படுவான்கரை முதியோர் கூறுவர். இறைவன் குருதியைக் காட்டினான். கோடரியை நிறுத்தியது வேடன் கை. காட்டும் உபகாரம் இறைவனது. அதற்கு இணங்குதல் உயிரினது. இதனினும் எளிய விளக்கம் எம்மூர்ப் பிள்ளைகளுக்கு வேண்டா.

குருதி கண்டும் நிறுத்தாத கைகளையும் இவ்வூர் கண்டதுண்டு. 1987ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் இப்பகுதி இறாற்பண்ணைத் தொழிலாளர் உட்படப் பலரும், 1991ஆம் ஆண்டு யூன் 12ஆம் நாள் மகிழடித்தீவிலும் அயலிலும் ஆண் பெண் குழந்தை என்னும் வேறுபாடின்றிப் பலரும் அரச படையினராற் கொல்லப்பட்டனர். அவர் வழியினர் இன்றும் நம் வகுப்புக்களில் அமர்ந்திருக்கின்றனர். "இதனை இறைவன் அறிவானாயின், கொன்றவன் குற்றவாளியாதல் எப்படி? இறந்தவர் கன்மம் இதுவாயின், கொன்றவன் அக்கன்மத்தின் கருவிதானே?" என்று அப்பிள்ளைகளுள் ஒருவன் கேட்பின் யாது கூறுவோம்? நம் வினாவின் முழுப் பாரமும் இவ்விடத்தேதான் இறங்குகின்றது.

சாத்திரம் கூறுவது இதுவாம். வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். முன் ஈட்டிக் கிடப்பது சஞ்சிதம். அதிற் பயன்கொடுக்கத் தொடங்கியது பிராரத்தம். இன்று புதிதாக ஈட்டுவது ஆகாமியம். ஆகாமியம் என்று ஒன்றனைச் சாத்திரம் வகுத்தமையே, இன்றைய செயல் முன்னமே முடிந்துபோனதன்று என்பதற்குச் சான்றாம். இறந்தோர்க்கு எய்தியது எதுவாயினும், கொன்றவன் எடுத்த கருவியும், கொண்ட வெகுளியும், நிறுத்தாத கையும் அவனுடைய ஆகாமியமே. பிறர் பிராரத்தத்தை ஊட்டுதற்கு எவனும் கொலையாளியாக நியமிக்கப்பட்டானல்லன். வினைப்பயனை ஊட்டுதல் இறைவன் தொழில். அதற்கு அவன் ஒருவனது கொடுமையை எதிர்பார்த்து நிற்பவனல்லன். அவனறிவும் கொன்றவனுக்குக் காப்பாகாது. உடனறிபவன் என்றமையால், அக்கொடியோன் நெஞ்சினுள்ளே நின்று "வேண்டா" என்று காட்டியவனும் அவனே. காட்டியதைக் காணாது கண்மூடிய குற்றத்திற்குச் சான்றாய் நின்றவனும் அவனே. துன்புற்றார் தனித்திருந்தாரல்லர், அவரோடும் உடனாய் நின்றவன் அவனே. துயர் முழுவதையும் இது தீர்த்துவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும், நீதி கேட்பது கன்மக் கொள்கைக்கு மாறானதென்னும் பொய்யை இது வேரறுக்கும். குற்றஞ் செய்தவனை அரசும் அறமும் வினவுதல் சைவத்திற்கு முற்றும் உடன்பாடே.

இங்கே "எல்லாம் அவன் செயல்" என்னும் பெருமொழியைக் குறித்தும் ஒன்று கூறல் வேண்டும். அது தன்செயலற்று இறைபணி நின்ற ஞானியர் கூற்று. நல்லது செய்தபின் ஒருவன் அதனைக் கூறின், யான் எனது என்னுஞ் செருக்கு அறும். அல்லது செய்தபின் கூறின், தன் அழுக்கை இறைவன்மேற் பூசினவனாவான். அயலான் துயரத்தைக் கண்டு கூறின், தன் வன்னெஞ்சைத் திருநீற்றால் மறைத்தவனாவான். சொல் ஒன்றே, அதனை யார், எதன்மேற் கூறுகின்றார் என்பதே நோக்கத்தக்கது.

இனி, ஆசிரியர் கைக்கொள்ளத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவாம். மாணாக்கன் ஒருவனது தவறுதலைக் குறித்து "தலைவிதி" என்னுஞ் சொல்லை ஆசிரியர் வாயாற் சொல்லற்க. அவன் வீட்டு வறுமையும் பட்ட நோயும் பிராரத்தமாயிருக்கலாம். இன்று மாலை விளக்கின்முன் அவன் அமர்வதும் அமராததும் பிராரத்தமன்று. வினைக்கொள்கையைத் தன்னைத் திருத்துதற்குக் கற்பிக்க; பிறனை அளத்தற்குக் கற்பிக்கற்க. பிறன் கணக்கை நாம் பார்த்ததில்லை. அவ்வேடு நம் கையில் இல்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியில் மட்டக்களப்பு முழுவதும் வீடிழந்து நின்றபோது, யார் வினையால் இது வந்ததென்று ஆராய்ந்திருந்தவராற் பயனில்லை. கூரை வேய ஓலை கொண்டுவந்தவராலேயே பயன். அத்துன்பத்திற்குச் சாத்திரப் பெயரிட்டு எழுதுவது தேர்வுக்குப் போதும். வாழ்வுக்கு அவ்வோலை வேண்டும்.

இறுதியாக, பிள்ளையை அறியுந் திறத்தில் ஆசிரியரும் தம்மாலியன்றமட்டும் இறைவனைப் பின்பற்றல் வேண்டும். பிள்ளையொருவன் இத்துணையே என்று முதல்நாளே கணித்துவிட்டு அக்கணிப்பு நிறைவேறுதலைப் பார்த்திருப்பவர் சோதிடரேயன்றி ஆசிரியரல்லர். அவனுக்குக் காட்டி, அவன் காணும்பொழுது உடனிருந்து தாமுங் காண்பவரே ஆசிரியர். முன்னறிவோ உடனறிவோ என்னும் வினாவுக்கு அத்தகைய ஆசிரியரது வகுப்பிலிருக்கும் பிள்ளை, சூத்திரம் ஓதுமுன்னரே விடையறிந்திருப்பான்.

உயிர்தோறும் உடனாய் நின்று காட்டியும் கண்டும் உபகரிக்கும் தான்தோன்றீச்சரப் பெருமான், நம் இச்சா ஞானக் கிரியைகளை நன்னெறியிற் செலுத்தத் திருவருள் பாலிப்பானாக.

சிவம்.